குவாண்டம் கணினி: குளத்து அலையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

குவாண்டம் கணினியைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தைத்தான் சுற்றிச் சுற்றி எழுதுகின்றன: சாதாரணக் கணினி விடைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும், குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடும். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் இதைப் படித்துவிட்டு, "எல்லா விடையும் ஒன்றாக வந்தால், அதில் எது சரி என்று அந்தக் கணினிக்கு யார் சொல்வார்கள் மாமா?" என்று கேட்டாள். அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் தங்களைத் தாங்களே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எல்லா விடைகளையும் கலந்து வைத்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால், கைக்கு அகப்படுவது குருட்டாம்போக்கில் வந்த ஏதோ ஒரு விடையாகத்தான் இருக்கும். அதற்குச் சோழிகளைக் குலுக்கிப் போட்டாலே போதும். குவாண்டம் கணினியின் திறமை வேறிடத்தில் இருக்கிறது. அதைக் கட்டுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கான காரணமும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நம் கைப்பேசிக்குள் இருக்கும் பிட் என்பது ஒரு மிகச் சிறிய மின் சுவிட்ச். அது எப்போதும் 0 அல்லது 1 என்ற இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும். குவாண்டம் கணினியில் பிட்டின் இடத்தில் இருப்பது க்யூபிட். அதை அளந்து பார்த்தாலும் 0 அல்லது 1 என்றுதான் விடை வரும். ஆனால் அளப்பதற்கு முன்பு அதன் நிலையைச் சொல்ல இரண்டு எண்கள் தேவைப்படுகின்றன: ஒன்று 0-க்கு உரியது, மற்றொன்று 1-க்கு உரியது. இவற்றை அலைவீச்சு என்கிறோம். ஓர் அலைவீச்சின் வர்க்கம், அந்த விடை கிடைப்பதற்கான நிகழ்தகவைத் தரும். நிகழ்தகவு ஒருபோதும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. அலைவீச்சோ குறை எண்ணாகவும் இருக்கலாம். (உண்மையில் அது கலப்பெண்ணாகவும் இருக்கலாம், நம் தேவைக்குக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போதும்.) அந்தக் கழித்தல் குறிதான் இந்தக் கட்டுரையின் மையப் பொருள்.

காற்று அசையாத ஒரு காலை வேளையில் மகாமகக் குளத்தின் படியில் உட்கார்ந்து, இரண்டு கூழாங்கற்களை இரண்டு மூன்று அடி இடைவெளியில் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு வளையங்களும் விரிந்து ஒன்றை ஒன்று கடக்கும்போது, முகடும் முகடும் சேரும் இடத்தில் தண்ணீர் கூடுதலாக எழும்பும். முகடும் அகடும் சேரும் இடத்தில் எழும்பாது. அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒரு சருகு மிதந்தால், இரண்டு பக்கமிருந்தும் அலை வந்துகொண்டிருக்கையிலேயே அந்தச் சருகு ஏறக்குறைய ஆடாமல் நிற்கும். இரண்டு வழிகளிலும் ஏதோ வந்துசேர்ந்தும் பலன் பூஜ்ஜியமாக இருப்பது நிகழ்தகவின் உலகில் நடக்கவே நடக்காது. மழை பெய்வதற்கு இரண்டு காரணங்கள் இருந்தால் வாய்ப்பு கூடுமே தவிர, இரண்டும் சேர்ந்து மழையே இல்லாமல் போகாது. இயற்பியல் பாடநூலில் இதைக் குறுக்கீட்டு விளைவு என்று படித்திருப்பீர்கள்.

இனி ஒரே ஒரு க்யூபிட்டை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். இந்தத் துறையில் இதைவிடச் சிறிய கணக்கும் இல்லை, இதைவிட முக்கியமான கணக்கும் இல்லை. ஹாடமார்ட் கேட் என்று ஒரு செயல் உண்டு. 0 என்ற நிலையில் இருக்கும் க்யூபிட்டுக்கு அதைச் செய்தால், 0-க்கு 0.707, 1-க்கு 0.707 என்ற அலைவீச்சுகள் கிடைக்கும். வர்க்கம் எடுத்தால் ஆளுக்குப் பாதி. 1 என்ற நிலையில் இருக்கும் க்யூபிட்டுக்குச் செய்தால், 0-க்கு 0.707, 1-க்கு −0.707. இதுவும் பாதிக்குப் பாதிதான், குறி மட்டும் மாறியிருக்கிறது. ஒரு முறை செய்து அளந்தால் நாணயம் சுண்டியது போலவே இருக்கும். அளக்காமல் இரண்டு முறை தொடர்ந்து செய்தால் என்ன ஆகும்? நாணயத்தை இரண்டு முறை சுண்டினாலும் தலையும் பூவும் பாதிப் பாதிதான். இங்கே அப்படி இல்லை. 0-வில் தொடங்கி 1-க்குப் போய்ச்சேர இரண்டு வழிகள் இருக்கின்றன: நடுவில் 0 வழியாகப் போனால் 0.707 × 0.707, அதாவது 0.5, நடுவில் 1 வழியாகப் போனால் 0.707 × (−0.707), அதாவது −0.5. கூட்டினால் பூஜ்ஜியம். 0-க்குத் திரும்பும் இரண்டு வழிகளோ 0.5, 0.5 என்று கூடி 1 ஆகின்றன. ஆகவே இந்த இரட்டைச் செயலை எத்தனை முறை சோதித்துப் பார்த்தாலும் கடைசியில் 0 மட்டுமே வரும். 1 என்ற விடை குளத்துச் சருகைப் போல அசைவற்றுப் போய்விட்டது.

இரண்டு செயல்களுக்கும் நடுவே யாராவது க்யூபிட்டை அளந்துவிட்டால் கதை மாறிவிடும். அது 0 என்றோ 1 என்றோ முடிவாகிவிடுவதால் இரண்டு வழிகளில் ஒன்று மட்டுமே மிஞ்சும். ஒற்றை அலைக்கு எதிர் அலை இல்லாததால் அழிப்பதற்கு எதுவும் இருக்காது. விடை மறுபடியும் பாதிக்குப் பாதியாகிவிடும். "யாராவது" என்றவுடன் மனிதர்தான் பார்க்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். வழி தவறி வந்த ஓர் ஒளித்துகள் க்யூபிட்டில் மோதி, அதன் நிலையைப் பற்றிய சிறு தடயத்தை எடுத்துக்கொண்டு போனாலே அதுவும் பார்த்ததுதான்.

குவாண்டம் கணிப்பு என்பது இதையே பெரிய அளவில் செய்வது. தவறான விடைகளுக்குப் போகும் வழிகள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்படியும், சரியான விடைக்குப் போகும் வழிகள் ஒன்றோடொன்று கூடும்படியும் கேட்களை, அதாவது க்யூபிட்டுக்குச் செய்யும் செயல்களை, வரிசைப்படுத்த வேண்டும். அளக்கும்போது சரியான விடை பெரும்பாலும் தானாக வந்து நிற்கும். அக்கா மகளின் கேள்விக்கு இதுதான் பதில்: எது சரி என்று யாரும் சொல்வதில்லை, தவறானவை ஏற்கெனவே அடித்துக்கொண்டு போய்விட்டிருக்கும். ஆனால் இப்படி ஒரு வரிசையை அமைக்கும் உபாயம் எல்லாக் கணக்குகளுக்கும் தெரியவில்லை, சிலவற்றுக்கு மட்டுமே தெரியும். ஆகவே படம் பார்க்கவும், கடிதம் தட்டச்சு செய்யவும், கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டைக் கூட்டவும் குவாண்டம் கணினியால் தனிப் பயன் எதுவும் இல்லை.

க்யூபிட்கள் பெருகும்போது அலைவீச்சுகளின் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும். 2 க்யூபிட்டுக்கு 4 எண்கள், 10-க்கு 1,024, 20-க்கு 10,48,576, 30-க்கு 107 கோடிக்கும் மேல். முப்பது க்யூபிட்களை ஒரு நல்ல மடிக்கணினியிலேயே எண்களாக எழுதி வைத்துவிடலாம்; ஐம்பது க்யூபிட்களுக்குச் சுமார் 18,000 டெராபைட் நினைவகம் தேவைப்படும். இந்தப் பிரம்மாண்டத்தைப் பார்த்துத்தான் பலரும் மயங்கிவிடுகிறார்கள். ஐம்பது க்யூபிட்களை அளந்தால் கைக்கு வருவது ஐம்பது பிட்கள் மட்டுமே. மீதி எல்லாம் அளந்த நொடியில் போய்விடும். அந்த எண்களைக் கூட்டியும் அழித்தும் ஒரு விடைக்குள் குவிக்கத் தெரிந்தால்தான் அவற்றால் பயன்.

இத்தனை எண்கள் தேவைப்படுவதற்குக் காரணம் க்யூபிட்களுக்கிடையே ஏற்படும் பின்னல். இரண்டு க்யூபிட்களை 00, 11 என்ற இரண்டு சேர்க்கைகள் மட்டுமே கலந்த நிலையில் வைக்க முடியும். அப்போது ஒவ்வொன்றையும் தனியே அளந்தால் 0 அல்லது 1 சமவாய்ப்பாக வரும்; ஆனால் ஒன்றில் எது வந்ததோ அதுவேதான் மற்றொன்றிலும் வரும். இந்த நிலையை "முதல் க்யூபிட் இப்படி, இரண்டாவது க்யூபிட் அப்படி" என்று பிரித்து எழுதவே முடியாது. இதை வைத்து ஒரு செய்தியை ஒளியைவிட வேகமாக அனுப்பவும் முடியாது. பின்னல் உண்மையான ஒன்று என்பதைச் சோதனையில் நிறுவியவர்களுக்கு 2022-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அழித்தலும் கூட்டலும் ஒரு பயனுள்ள வேலையைச் செய்வதைப் பார்க்க, 1994-இல் அமெரிக்கக் கணிதர் பீட்டர் ஷோர் கண்டுபிடித்த முறையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்கும் முறை அது. 91 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். பார்த்தால் பகா எண் போலவே தோன்றும். 3-ஐ மீண்டும் மீண்டும் 3-ஆல் பெருக்கி, ஒவ்வொரு முறையும் 91-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 3, 9, 27, 81, 61, 1. அடுத்து மறுபடியும் 3 வரும். ஆறு அடிக்கு ஒரு முறை சுழல்கிறது. ஆறில் பாதி மூன்று. மூன்றாவது எண் 27. அதற்கு ஒன்று குறைவு 26, ஒன்று கூடுதல் 28. 26-க்கும் 91-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 13. 28-க்கும் 91-க்கும் 7. ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று; முடிந்தது வேலை. (சுழற்சி ஒற்றைப்படையாக அமைந்தால் 3-க்குப் பதிலாக வேறோர் எண்ணைக் கொண்டு மறுபடி தொடங்க வேண்டும்.) இதே 91-ஐ 19-ஆல் பெருக்கினால் ராமானுஜனின் 1729 கிடைக்கும்; ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்று 1917-இல் ஹார்டியோடு சேர்ந்து ஆராய்ந்தவரும் அவர்தான் என்பதைக் கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

91-க்குச் சுழற்சி ஆறு என்று விரல் விட்டு எண்ணிவிட்டோம். இணையத்தில் தகவலை மறைத்து அனுப்பப் பரவலாகப் புழங்கும் ஆர்.எஸ்.ஏ. பூட்டுக்குள் இருப்பதோ 617 இலக்க எண்; அதைப் பகா எண்களாகப் பிரித்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். அதன் சுழற்சியை ஒவ்வோர் அடியாக எண்ணிக் கண்டுபிடிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. குவாண்டம் கணினி அடுக்குகள் (எத்தனை முறை பெருக்குகிறோம் என்பதைச் சொல்லும் எண்கள்) அனைத்தையும் கலந்த நிலையில் வைத்து, மீதியைக் கணக்கிட்டு, அதன்மேல் ஃபூரியர் மாற்றம் என்ற செயலைச் செய்கிறது. சுழற்சியின் நீளத்தோடு ஒத்துப்போகும் அலைகள், ஆதி தாளத்தின் ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் ஒரே இடத்தில் விழும் தட்டைப் போல, ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து எழும்பும். ஒத்துப்போகாதவை முன்னும் பின்னுமாகச் சிதறித் தமக்குள் அழிந்துபோகும். 2001-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஏழு க்யூபிட்களைக் கொண்டு இம்முறையில் 15-ஐ 3 × 5 என்று பிரித்துக் காட்டினார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாட்டிலேயே சொல்லிவிடும் விடை அது. 15-இலிருந்து 617 இலக்கங்களுக்குப் போவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

நடுவில் யாரும் பார்க்கக் கூடாது என்று சொன்னோம் அல்லவா, கட்டுமானத்தின் சங்கடம் முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது. வெளியுலகின் எந்தத் தொடர்பும் படாமல் க்யூபிட்டை ஒளித்து வைக்க வேண்டும். அதே க்யூபிட்டுக்கு நாம் நினைத்த நேரத்தில் நினைத்த செயலைச் செய்யவும், கடைசியில் அளக்கவும் வேண்டும். கட்டளை உள்ளே போக ஒரு கம்பி இழுத்தால், அதே கம்பி வழியாக இரைச்சலும் உள்ளே போகும். கதவை அடைத்துப் பூட்டிவிட்டு அதே கதவு வழியாகக் குடித்தனமும் நடத்தச் சொல்வது போன்ற இந்த முரண்பாட்டைத்தான் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் வழியில் சமாளித்துக்கொண்டிருக்கிறது.

கூகுளும் ஐ.பி.எம்.மும் பயன்படுத்துவது மீக்கடத்திக் க்யூபிட்கள். சில்லின்மேல் பதித்த, கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் உலோகச் சுற்று அது. நடுவில் அலுமினிய ஆக்சைடின் மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கும். ஜோசப்சன் சந்தி எனப்படும் அந்தப் படலத்தால்தான், கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள ஒரு மின்சுற்றும் தனி அணுவைப் போலப் படிப்படியான ஆற்றல் நிலைகளைக் கொண்டிருக்கிறது. இதை 1980-களின் நடுவில் சோதனையில் காட்டிய ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்டினிஸ் ஆகிய மூவருக்கும் 2025-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அடியிலுள்ள இரண்டு படிகளை 0 என்றும் 1 என்றும் வைத்துக்கொண்டு, நுண்ணலைத் துடிப்புகளைச் செலுத்தினால் கேட்கள் ஆகிவிடும்.

அந்த இரண்டு படிகளுக்கிடையேயான ஆற்றல் மிகமிகச் சிறியது. வெப்பநிலையாகச் சொன்னால் ஏறத்தாழ கால் கெல்வினுக்குச் சமம். சுற்றுப்புறம் அதைவிடச் சூடாக இருந்தால் வெப்பமே க்யூபிட்டை 0-இலிருந்து 1-க்கு ஏற்றியும் இறக்கியும் விளையாடிவிடும். ஆகவே அதை 0.02 கெல்வினுக்கும் கீழே, அதாவது −273.15 டிகிரி செல்சியஸ் என்ற அறுதி எல்லையை ஒட்டி, குளிர்விக்கிறார்கள். நட்சத்திரங்களுக்கு இடையேயான வெளியில் பரவியிருக்கும் கதிர்வீச்சின் வெப்பநிலையே 2.7 கெல்வின், இது அதைவிட நூறு மடங்குக்கும் மேல் குளிர்ச்சியானது. மண்பானையின் சுவரில் கசிந்த நீர் ஆவியாகும்போது பானைக்குள்ளிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால்தான் சித்திரை வெயிலிலும் பானைத் தண்ணீர் சில்லென்றிருக்கிறது. இந்தக் குளிர்பெட்டியின் கடைசிக் கட்டமும் கிட்டத்தட்ட அதே உபாயம்தான்: ஹீலியம்-3 நிறைந்த அடுக்கிலிருந்து அதன் அணுக்கள் ஹீலியம்-4 நிறைந்த அடுக்குக்குத் தாண்டிப் போகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. தலைகீழாகத் தொங்கவிட்ட அடுக்கு விளக்கைப் போலப் பொன்னிறத்தில் பத்திரிகைகளில் வரும் படம் இந்தக் குளிர்பெட்டியின் உட்பகுதி. கணினி என்பது அதன் அடியில் இருக்கும் சிறு சில்லு மட்டுமே.

இவ்வளவு செய்தும் மீக்கடத்திக் க்யூபிட் தன் நிலையைக் காத்துக்கொள்வது பெரும்பாலும் மைக்ரோநொடிக் கணக்கில்தான். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று சில்லைத் தாக்கினால் பல க்யூபிட்கள் ஒரே நேரத்தில் குலைந்துபோகின்றன. க்யூபிட்கள் பெருகப் பெருக, அறை வெப்பத்திலிருந்து உள்ளே இறங்கும் கம்பிகளும், அவை கொண்டுவரும் சூடும் பெருகும். வேறு வழிகளும் உண்டு: வெற்றிடத்தில் மின்புலத்தால் மிதக்கவிட்ட இட்டெர்பியம் அயனிகளும், லேசரால் பிடித்து வைத்த ரூபிடியம் அணுக்களும் தம் நிலையை நெடுநேரம் காத்துக்கொள்ளும், ஆனால் அவற்றின் கேட்கள் மெதுவானவை.

க்யூபிட்டுக்குப் பிழை நேரத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, அதைத் திருத்திக்கொண்டே போவதுதான் மிஞ்சியிருக்கும் வழி. சாதாரணக் கணினியில் ஒரு பிட்டை மூன்று பிரதி எடுத்து வைத்து, பெரும்பான்மையைப் பார்த்துத் திருத்திவிடலாம். இங்கே அதற்கு இரண்டு தடைகள் உள்ளன. முன்பின் தெரியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்கவே முடியாது என்று 1982-இல் நிறுவப்பட்டுவிட்டது. பிழை நேர்ந்ததா என்று அளந்து பார்த்தால், அளந்ததாலேயே நிலை குலைந்துபோகும். பார்க்காமலே பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அடுத்தடுத்து இருக்கும் மூன்று வயல்களில் ஒரே மட்டத்தில் தண்ணீர் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த வயலிலும் கோல் நட்டு ஆழத்தை அளக்கக் கூடாது. முதல் வயலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலுள்ள வரப்பில் விரற்கடை அளவு மடை திறந்து ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டால், துரும்பு நின்றால் மட்டம் சமம், நகர்ந்தால் சமமில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலும் அப்படியே செய்யலாம். முதல் மடையில் துரும்பு நகர்ந்து இரண்டாவது மடையில் நின்றால் தவறு முதல் வயலில். இரண்டு மடையிலும் நகர்ந்தால் நடு வயலில். எந்த வயலிலும் எத்தனை அங்குலம் தண்ணீர் என்பது கடைசிவரை நமக்குத் தெரியாது. எந்த வயல் மாறிப்போனது என்பது மட்டும் தெரிந்துவிடும். குவாண்டம் பிழை திருத்தமும் இதைத்தான் செய்கிறது: பல க்யூபிட்களில் ஒரே தகவலைப் பின்னி வைத்து, நடுவே இருக்கும் துணைக் க்யூபிட்களைக் கொண்டு "அக்கம்பக்கத்தார் ஒத்திருக்கிறீர்களா" என்று மட்டும் கேட்கிறது. உவமை இதற்கு மேல் ஓடாது. க்யூபிட்டில் 0, 1 மாறிப்போவதோடு முன்பு பார்த்த கூட்டல், கழித்தல் குறியும் மாறிப்போகும் என்பதால் அதற்கென்று வேறு வகை மடைகளும் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் திருத்தும் முதல் முறையை 1995-இல் தந்தவரும் ஷோர்தான். அதற்கு ஒரு க்யூபிட்டுக்கு ஒன்பது க்யூபிட்கள் செலவாயின.

திருத்தும் துணைக் க்யூபிட்களுக்கும் பிழை நேரும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். ஒவ்வொன்றின் பிழையும் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால், கூட்டத்தைப் பெருக்கப் பெருக்க மொத்தப் பிழை குறையும். வரம்புக்கு மேலே இருந்தால் ஆள் கூடக் கூடக் குழப்பமும் கூடும். வரம்புக்குக் கீழே வந்துவிட்டோம் என்பதைக் கூகுளின் 105 க்யூபிட் கொண்ட வில்லோ சில்லு 2024 டிசம்பரில் தெளிவாகக் காட்டியது. தகவல் க்யூபிட்களை 3 × 3, 5 × 5, 7 × 7 என்று பெரிதாக்கிய ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழப் பாதியானது. அந்தச் சில்லின் வேகத்தைப் பற்றி வந்த ஆரவாரமான தலைப்புகளைவிட இதுவே பெரிய செய்தி என்பது என் கருத்து. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நூறு க்யூபிட்கள் சேர்ந்து காத்தது ஒரே ஒரு க்யூபிட்டுக்குரிய தகவலை.

ஆர்.எஸ்.ஏ. பூட்டை உடைக்க இரண்டு கோடி க்யூபிட்கள் தேவை என்று 2019-இல் ஒரு மதிப்பீடு வந்தது. முறைகள் செம்மைப்பட்டதால் 2025-இல் அது பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அத்தனை க்யூபிட் கொண்ட பொறி இன்று எங்கும் இல்லை. ஆனாலும் இன்று திருடிச் சேமித்து வைத்த தகவலைப் பின்னாளில் திறந்துவிடலாம் என்பதால், குவாண்டம் கணினிக்கும் அசையாத புதிய பூட்டுகளுக்கான தரநிலைகளை அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்ட்டிலேயே வெளியிட்டுவிட்டது. இந்தியாவும் 2023-இல் ரூ. 6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் இயக்கத்தைத் தொடங்கி, எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரையிலான கணினிகளை இலக்காக வைத்திருக்கிறது.

பூட்டு உடைப்பதுதான் செய்தியாகிறது என்றாலும், 1981-இல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இந்த எண்ணத்தை முன்வைத்தது வேறொரு தேவைக்காக. மூலக்கூறுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் குவாண்டம் விதிப்படி நடப்பதால், அவற்றைக் கணக்கிட அதே விதிப்படி நடக்கும் பொறிதான் இயல்பானது என்பது அவருடைய வாதம். அப்படிப்பட்ட மூலக்கூறு ஒன்று நம் குறுவை வயல்களிலேயே இருக்கிறது. நாற்றுகளுக்கு நடுவே மிதக்கும் அசோலாவின் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் சாதாரண வெயிலில், சாதாரண அழுத்தத்தில் பயிருக்கான உரமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவை ஆலையில் செய்யவோ 400 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கு அழுத்தமும் வேண்டியிருக்கிறது. பாசியில் அந்த வேலையைச் செய்யும் நொதியின் நடுவே இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதன் எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மிகவும் பின்னிக் கிடப்பதால், இன்றைய மீக்கணினிகளாலும் அவற்றைத் துல்லியமாகக் கணக்கிட முடியவில்லை. பிழை திருத்தத்தோடு இயங்கும் சுமார் 40 லட்சம் க்யூபிட்கள் இருந்தால் அந்தக் கொத்துக்கான ஓர் ஆற்றல் கணக்கை நான்கு நாட்களுக்குள் போட்டுவிடலாம் என்று 2021-இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டவுடன் புது உரம் கைக்கு வந்துவிடாது. பாசி அந்த வேலையை எந்தப் படியில் எப்படிச் செய்கிறது என்பதை அறிவதற்கான முதல் அடி மட்டுமே அது. அந்த அடியை எடுத்துவைக்கவே இன்றைய சில்லைப் போல ஏறக்குறைய நாற்பதாயிரம் சில்லுகளில் இருக்கும் க்யூபிட்கள் வேண்டும்.